ஒரே சீட்டுகள், வேறுவேறு முடிவுகள்: வாக்கெடுப்பு முறைகளை உங்கள் வாய்க்கால் கூட்டத்திலேயே ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடையில், எங்கள் வாய்க்கால் விவசாயிகளின் கூட்டத்தில், கையிருப்பில் இருந்த தொகையைக் கொண்டு எந்த வேலையை முதலில் எடுத்துக்கொள்வது என்று முடிவுசெய்யக் கை தூக்கச் சொன்னார்கள். நெல் காயவைக்க ஒரு களம், வாய்க்காலைத் தூர்வாருதல், தலைப்பு மதகின் ஷட்டரைப் பழுதுபார்த்தல், நடவு இயந்திரம் வாங்குதல் என்று நான்கு யோசனைகள் இருந்தன. களத்துக்கு அதிகக் கைகள் உயர்ந்தன, அதுவே தீர்மானமாயிற்று. கூட்டம் கலைந்து டீக்கடைக்கு வந்தபோது, களத்துக்குக் கை தூக்கியவரும் தூர்வாரக் கை தூக்கியவரும் ஒருவர் பின் ஒருவராக, "மதகைச் சரிசெய்திருந்தால் எல்லாருக்கும் ஆகியிருக்கும்" என்று சொன்னார்கள். ஆனால் மதகுக்குக் கை தூக்கியவர்கள் மிகச் சிலரே. அனைவரும் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரு வேலை அப்படித் தோற்றதற்கு எவருடைய சூழ்ச்சியும் காரணமில்லை என்பதும், கேள்வி கேட்ட விதமும் விடையை எண்ணிய விதமுமே காரணம் என்பதும் எனக்குப் புரிய நெடுநாள் ஆயிற்று.

வாக்கெடுப்பு முறைகள் மனிதர்களின் நடத்தையையும் முடிவையும் எப்படி மாற்றுகின்றன என்பதை நாட்டுத் தேர்தல்களை வைத்து விளக்கினால், கேட்பவர் மனம் கட்சியின் பக்கம் போய்விடுகிறது. அறுபது பேர் உள்ள ஒரு வாய்க்கால் கூட்டத்தில், தங்களுக்கே தெரிந்த வேலைகளை வைத்துச் செய்து காட்டினால், ஒரு பிற்பகலில் எல்லோருக்கும் விளங்கிவிடுகிறது. அதைச் செய்யும் வழியை இங்கே எழுதுகிறேன்.

முதலில் தீர்க்க வேண்டியவை

சீட்டு அடிப்பதற்கு முன் யாருக்கு வாக்கு என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும். காவிரிப் படுகையில் இது சிறிய கேள்வியன்று. நிலம் கோயிலுக்கோ மடத்துக்கோ சொந்தமாக இருக்கும். அல்லது பட்டா வைத்திருப்பவர் சென்னையில் இருப்பார். உழுது விதைத்து மடை திறப்பவர் குத்தகைதாரராக இருப்பார். உரிமையாளருக்கு வாக்கு என்றால் களமும் இயந்திரமும் ஒரு கணக்கில் வரும். சாகுபடி செய்பவருக்கு வாக்கு என்றால் வேறு கணக்கில் வரும். குடும்பத்துக்கு ஒரு வாக்கா, ஏக்கருக்கு ஒரு வாக்கா என்பதும் அப்படியே. என் கருத்தில், தண்ணீர் வராவிட்டால் யாருடைய பயிர் காயுமோ அவருக்கே வாக்கு இருக்க வேண்டும். ஆனால் எதை முடிவுசெய்தாலும் அதை எழுதி ஒட்டிய பிறகே வாக்கெடுப்பைத் தொடங்குங்கள்.

அடுத்தது நாள். மேட்டூர் அணை ஜூன் 12-இல் திறக்கப்படும் என்ற எதிர்பார்ப்போடு இருக்கும் மே மாதத்தில் கேட்டால், வாய்க்காலின் கடைசியில் நிலம் உள்ள கடைமடைக்காரர்கள் அனைவரும் தூர்வாருதல் என்பார்கள். வடகிழக்குப் பருவமழையில் வயல் மூழ்கிய கார்த்திகையில் கேட்டால், தண்ணீரை அடைக்கவும் வடிக்கவும் உதவும் மதகு முன்னுக்கு வரும். சம்பா அறுவடை முடிந்து, நேரடி கொள்முதல் நிலையத்தின் வாசலில் ஈர நெல்லோடு காத்திருக்கும் மாசியில் கேட்டால், களமே எல்லார் வாயிலும் இருக்கும். எனவே முறைகளை ஒப்பிட வேண்டுமென்றால், ஒரே நாளில் ஒரே சீட்டுகளை வாங்கி அவற்றையே பல விதமாக எண்ண வேண்டும். இந்த மாதம் ஒரு முறை, மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை என்று வைத்தால், மாறியது முறையா பருவமா என்று பிரித்துச் சொல்ல முடியாது.

மூன்றாவது, மறைவு. கை தூக்கும் வாக்கெடுப்பில் மக்கள் முதலில் பார்ப்பது யோசனையை அன்று. பக்கத்தில் இருப்பவரின் கையை. நிலத்துக்காரர் எதிரில் அமர்ந்திருக்கும்போது அவரிடம் குத்தகைக்கு எடுத்திருப்பவர் தனியாகக் கை தூக்குவது எளிதில்லை. பெண்கள் பின்வரிசையில் நின்று, முன்வரிசை முடிவான பிறகே கையை உயர்த்துவதைக் கிராம சபைகளில் பலரும் பார்த்திருக்கலாம். மறைவாகச் சீட்டுப் போடுவதற்கு ஒரு மூலை, ஒரு திரை, ஒரு பெட்டி போதும். மக்களின் பிரதிநிதிகள் வாக்களிக்கும்போது கதை வேறு. மாநிலங்களவைத் தேர்தலில் சட்டமன்ற உறுப்பினர்கள் 2003-ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு தம் கட்சி முகவரிடம் சீட்டைக் காட்டியே வாக்களிக்கிறார்கள். அவர்கள் கட்சிக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். உங்கள் வாய்க்கால் உறுப்பினர் தம் வயலுக்கு மட்டுமே பதில் சொல்ல வேண்டியவர்.

சீட்டு எப்படி இருக்க வேண்டும்

எல்லா முறைகளையும் ஒப்பிட ஒரே வகைச் சீட்டு போதும்: யோசனைகளை வரிசைப்படுத்தும் சீட்டு. முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று கடைசிவரை ஒருவர் வரிசை கொடுத்துவிட்டால், அந்த ஒரே சீட்டைக் கொண்டு பெரும்பாலான முறைகளில் எண்ணிவிட முடியும். எழுதப் படிக்க இயலாத மூத்தவர்களுக்காக நான் கடைப்பிடிக்கும் வழி இது. ஒவ்வொரு யோசனைக்கும் ஒரு படம் வரைந்த அட்டை செய்துகொள்ளுங்கள்: நெற்குவியல், மண்வெட்டி, மதகு, இயந்திரம். ஒவ்வொருவருக்கும் நான்கு அட்டைகள். மிகவும் வேண்டியதை மேலேயும் வேண்டாததை அடியிலும் வைத்து அடுக்கி, ரப்பர் பேண்ட் போட்டுப் பெட்டியில் இட்டால், அந்தக் கட்டே வாக்குச்சீட்டு. 1951–52 பொதுத் தேர்தலில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனிப் பெட்டி வைத்து, அதன் மீது சின்னத்தை ஒட்டி, எழுத்தறியாத கோடிக்கணக்கான மக்களை இந்த நாடு வாக்களிக்கச் செய்தது. அட்டையை அடுக்குவது அதைவிடக் கடினமில்லை.

யோசனைகள் நான்கு அல்லது ஐந்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1996 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டதால், வாக்குச்சீட்டைப் புத்தகமாகவே அச்சிட வேண்டியிருந்தது. ஒரே ஒரு பெயரைத் தேடி முத்திரை குத்துவதென்றால் அதையும் ஒருவாறு சமாளிக்கலாம். வரிசைப்படுத்தச் சொன்னால் ஏழெட்டு யோசனைகளிலேயே மனிதர்கள் களைத்துப்போய், கையில் இருந்த வரிசையை அப்படியே மேலிருந்து கீழாகக் கொடுத்துவிடுவார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றத்தின் கீழவைத் தேர்தலில், எல்லா வேட்பாளர்களுக்கும் எண் இட்டால்தான் வாக்கு செல்லும் என்பதால், சீட்டில் உள்ள வரிசையிலேயே 1, 2, 3 என்று எழுதிவிடும் வாக்காளர்களுக்கென்று ஒரு பெயரே வழங்குகிறது. ஆகவே அட்டைகளை ஒவ்வொருவரிடமும் கலைத்துக் கொடுங்கள்.

ஒரே கட்டுகளை ஐந்து விதமாக எண்ணுதல்

கணக்கு விளங்குவதற்காக, அறுபது பேர் உள்ள ஒரு வாய்க்காலில் பின்வருமாறு கட்டுகள் வந்தன என்று வைத்துக்கொள்வோம்.

22 பேர்: களம், மதகு, இயந்திரம், தூர்
18 பேர்: தூர், மதகு, இயந்திரம், களம்
11 பேர்: மதகு, தூர், இயந்திரம், களம்
9 பேர்: இயந்திரம், மதகு, தூர், களம்

இந்த வரிசைகள் கற்பனையாக இருந்தாலும் காரணமில்லாதவை அல்ல. சாலையோரம் தலைமடையில் இருக்கும் 22 பேருக்குத் தண்ணீர் எப்படியும் வந்துவிடும். அவர்கள் கவலை தார்ச்சாலையில் நெல்லைக் கொட்டிக் காயவைப்பது பற்றியது. கடைமடையின் 18 பேருக்கு ஆகாயத்தாமரையும் மண்மேடும்தான் எதிரி. இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் கட்டப்படும் களம் அவர்களுக்குக் கடைசிக் கவலை. இரு சாராருமே மதகை இரண்டாவதாக வைத்திருக்கிறார்கள். ஷட்டர் ஏறி இறங்கினால் தலைமடையில் வெள்ளத்தை அடைக்கலாம், முறைவைத்துத் தண்ணீர் விடும் முறைப்பாசனத்தில் கடைமடைக்குத் தண்ணீரைத் தள்ளலாம்.

முதல் எண்ணிக்கையில், ஒவ்வொரு கட்டின் மேல் அட்டையை மட்டும் பாருங்கள். களம் 22, தூர் 18, மதகு 11, இயந்திரம் 9. அதிகம் பெற்றது வெற்றி என்ற விதிப்படி களம் வெல்கிறது. நம் மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் ஊராட்சித் தலைவர் பதவிக்கும் இதே விதிதான். களத்தைக் கடைசியில் வைத்தவர்கள் 38 பேர் இருக்கிறார்கள் என்பதை இந்த எண்ணிக்கை பார்ப்பதே இல்லை.

இரண்டாம் எண்ணிக்கையில், முதல் இரண்டு இடங்களைப் பெற்ற களத்தையும் தூரையும் மட்டும் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டிலும் இவ்விரண்டில் எது மேலே இருக்கிறது என்று பாருங்கள். தூர் 38, களம் 22. பிரான்சில் அதிபரைத் தேர்ந்தெடுக்கும் இருசுற்று முறை இது. அங்கே 2002-இல், இடதுசாரி வாக்குகள் பல வேட்பாளர்களிடையே சிதறியதால், சோஷலிஸ்ட் வேட்பாளர் ஜோஸ்பேன் 16.18 விழுக்காட்டோடு மூன்றாம் இடத்தில் நின்று இரண்டாம் சுற்றுக்கே வர முடியாமல் போனார், 16.86 விழுக்காடு பெற்ற தீவிர வலதுசாரி வேட்பாளர் லெ பென் உள்ளே வந்து, இரண்டாம் சுற்றில் சிராக்கிடம் பெருந்தோல்வி கண்டார். முதல் சுற்றில் வாக்குகள் எப்படிச் சிதறுகின்றன என்பதே இந்த முறையில் பாதி முடிவைத் தீர்மானித்துவிடுகிறது.

மூன்றாம் எண்ணிக்கை, கடைசியில் நிற்பதை ஒவ்வொன்றாக நீக்குவது. இயந்திரம் 9 என்பதால் முதலில் நீங்குகிறது. அந்த ஒன்பது கட்டுகளில் அடுத்து இருக்கும் மதகுக்கு அவை சேர, களம் 22, மதகு 20, தூர் 18 என்று ஆகிறது. இப்போது தூர் நீங்குகிறது. அந்த 18-உம் மதகுக்குப் போக, மதகு 38, களம் 22. ஆக, ஒரே அறுபது கட்டுகள் மூன்று விதியில் மூன்று வேலைகளைத் தேர்ந்தெடுத்துவிட்டன. இந்த இடத்தில் கூட்டத்தில் ஒரு அமைதி விழும். அதை அவசரப்பட்டுக் கலைக்காதீர்கள்.

நம் குடியரசுத் தலைவரை இந்த முறையில்தான் தேர்ந்தெடுக்கிறோம். 1969-இல் வி. வி. கிரி முதல் விருப்ப எண்ணிக்கையில் 4,01,515 வாக்கு மதிப்பும், நீலம் சஞ்சீவ ரெட்டி 3,13,548-உம், சி. டி. தேஷ்முக் 1,12,769-உம் பெற்றார்கள். வெற்றிக்கு 4,18,169 வேண்டியிருந்ததால் பின்தங்கியவர்களை நீக்கி அவர்களின் அடுத்த விருப்பங்களை எண்ணினார்கள். முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. ஏறத்தாழ 88,000 ஆக இருந்த இடைவெளி 15,000-க்கும் கீழே இறங்கியதைக் கவனியுங்கள். இரண்டாம் விருப்பம் அலங்காரத்துக்கு எழுதுவதன்று.

நான்காம் எண்ணிக்கை, இரண்டிரண்டாக மோதவிடுவது. மதகும் களமும் மோதினால் 38–22. மதகும் தூரும் மோதினால் 42–18. மதகும் இயந்திரமும் மோதினால் 51–9. எல்லா மோதல்களிலும் வெல்லும் ஒன்று இருந்தால் அதுவே ஊரின் விருப்பம் என்று 1785-இல் பிரெஞ்சு அறிஞர் கொந்தோர்சே வாதிட்டார். அப்படி ஒன்று எப்போதும் கிடைக்கும் என்று உறுதியில்லை என்பதையும் அவரே கண்டார்: தூர் மதகை வெல்ல, மதகு களத்தை வெல்ல, களம் தூரை வெல்லும் ஒரு சுழல் வரக்கூடும். வந்தால், மூன்றில் மிகக் குறைந்த வித்தியாசத்தில் கிடைத்த வெற்றியை விட்டுவிடுவது என்று முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது மதிப்பெண் முறை. முதலிடத்துக்கு 3, அடுத்ததற்கு 2, பிறகு 1, கடைசிக்கு 0. கூட்டினால் மதகு 131, தூர் 85, இயந்திரம் 78, களம் 66. முதல் விதியில் வென்ற களம் இங்கே கடைசி.

இவற்றோடு ஏற்பு முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு வரிசையே வேண்டாம், சம்மதமானவற்றுக்கெல்லாம் ஒவ்வொரு புளியங்கொட்டை போட்டால் போதும். மேலே உள்ள ஒவ்வொருவரும் தம் முதல் இரண்டுக்குக் கொட்டை போட்டால் மதகுக்கு 60 கொட்டைகள் விழும். அமெரிக்காவின் ஃபார்கோ நகரம் 2018-இல் வாக்காளர்களின் தீர்ப்பால் தன் உள்ளாட்சித் தேர்தலுக்கு இம்முறையை ஏற்றது.

விதி தெரிந்த பிறகு மனிதர்கள் என்ன செய்கிறார்கள்

இதுவரை பார்த்தது, எல்லோரும் மனத்தில் உள்ளதை உள்ளபடி அடுக்கினால் வரும் முடிவு. உண்மையில் விதியை அறிந்தவுடன் அடுக்கும் கை மாறுகிறது. ஆகவே இரண்டாம் பகுதியாக, விதியை அறிவித்துவிட்டு, பேசிக்கொள்ள அரை மணி நேரம் கொடுத்து, மீண்டும் ஒரு முறை கட்டுகளை வாங்குங்கள். என் பார்வையில் பயிற்சியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அதிகம் பெற்றது வெற்றி என்று அறிவித்தால், சில நிமிடங்களில் ஒரு பேச்சு எழும்: "மதகுக்குப் போட்டு ஓட்டை வீணாக்காதே." களத்தைத் தடுக்க விரும்பும் 11 மதகுக்காரர்கள் தூருக்குப் போனால் தூர் 29 ஆகி வெல்லும். எல்லோருக்கும் பொதுவான மதகுதான் முதலில் கைவிடப்படுகிறது என்பதே இந்த விதியின் பெரிய குறை என்று நான் கருதுகிறேன். முன்னணியில் இருக்கும் இரண்டுக்கு மட்டுமே போட்டி என்று எல்லோரும் நம்பத் தொடங்கினால், அந்த நம்பிக்கையே அதை உண்மையாக்கிவிடும். இத்தகைய விதி இருகட்சிப் போட்டியை நோக்கித் தள்ளும் என்று பிரெஞ்சு அரசியல் அறிஞர் மோரிஸ் துவெர்ஜே எழுதினார். நம் மாநிலத்தில் அது இரண்டு கூட்டணிகளாக வடிவெடுத்திருக்கிறது. வாக்கு எண்ணும்போது நடக்காத சேர்க்கையைத் தலைவர்கள் தேர்தலுக்கு முன்பே தொகுதிப் பங்கீடாகச் செய்துகொள்கிறார்கள். போதிய அளவு செய்யாதபோது என்ன ஆகும் என்பதற்கு 2014 மக்களவைத் தேர்தலைப் பார்க்கலாம்: ஏறத்தாழ 44 விழுக்காடு வாக்குகளோடு அ.தி.மு.க. 39-இல் 37 இடங்களை வென்றது. 23 விழுக்காட்டுக்கு மேல் பெற்ற தி.மு.க.வுக்கு ஓர் இடமும் இல்லை. பத்து ஆண்டுகள் கழித்து, 2024-இல், தி.மு.க. தலைமையிலான கூட்டணி ஏறத்தாழ 47 விழுக்காட்டோடு 39-ஐயும் பெற்றது. எந்தக் கட்சியையும் இதில் குறை சொல்ல இடமில்லை. ஒரே விதி இருவருக்கும் ஒரே வேலையைச் செய்திருக்கிறது.

இருசுற்று முறையை அறிவித்தால், களத்துக்காரர்களில் கணக்குத் தெரிந்தவர்கள் வேறு விதமாக யோசிப்பார்கள். இரண்டாம் சுற்றில் தாங்கள் தூரிடம் தோற்பது உறுதி. தூரோ அவர்களுக்குக் கடைசி விருப்பம். அவர்களில் ஆறு பேர் மட்டும் முதல் சுற்றில் மதகுக்கு மாறினால் களம் 16, மதகு 17, தூர் 18 என்று ஆகி, இரண்டாம் சுற்றில் மதகு 42–18 என்று வெல்லும். தம் முதல் விருப்பத்தைத் தாமே விட்டுக்கொடுத்து இரண்டாம் விருப்பத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் இந்த நடத்தை கேடானதன்று. ஆனால் அதற்கு மற்றவர் எப்படிப் போடுவார் என்ற தகவல் வேண்டும். தகவல் உள்ளவருக்கு ஒரு வாக்கும் இல்லாதவருக்கு அரை வாக்கும் கொடுத்ததுபோல ஆகிவிடுகிறது.

மதிப்பெண் முறையில் வரும் ஆசை கொடியது. மதகு 131 எடுக்கும் என்று தெரிந்தவுடன், களத்துக்காரர் 22 பேரும் மதகை அடியில் தள்ளி, களம், இயந்திரம், தூர், மதகு என்று அடுக்கினால் என்ன ஆகிறது என்று கூட்டத்திலேயே கூட்டிக் காட்டுங்கள். மதகு 87-க்கு இறங்கும். ஆனால் மேலே வருவது களமன்று, 107 மதிப்பெண்ணோடு தூர்தான், அதாவது அவர்களுக்குச் சற்றும் வேண்டாதது. அதே தந்திரத்தைக் கடைமடையின் 18 பேரும் செய்து, தூர், இயந்திரம், களம், மதகு என்று அடுக்கினால், இயந்திரம் 118, தூர் 107, களம் 84, மதகு 51. அறுபது பேரில் ஒன்பது பேர் மட்டுமே முதலில் வைத்த நடவு இயந்திரம் ஊரின் தீர்மானமாகிவிடும். மதிப்பெண் முறை அமைதியான, ஒருவரை ஒருவர் நம்பும் சிறு கூட்டங்களுக்கு நன்று; பகை இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுபோகாதீர்கள்.

ஏற்பு முறையில் தந்திரம் வேறு வடிவில் வரும்: ஒரே கொட்டையைப் போட்டுவிட்டு மற்றவற்றைக் கையிலேயே வைத்துக்கொள்வது. களத்துக்காரரும் தூர்க்காரரும் அப்படிச் செய்து, மற்ற இருபது பேர் தம் முதல் இரண்டுக்கும் போட்டால், தூர் 29, களம் 22, மதகு 20, இயந்திரம் 9. களத்துக்காரரில் பத்துப் பேர் மட்டும் மதகுக்கும் ஒரு கொட்டை போட்டிருந்தால் மதகு 30-உடன் வென்றிருக்கும். இம்முறையில் பிடித்ததைக் கைவிட வேண்டிய கட்டாயம் ஒருபோதும் வருவதில்லை என்பது பெரிய நன்மை. இரண்டாவதற்கும் கை நீட்டுவதா என்ற ஒரே கேள்விதான் மிஞ்சுகிறது.

நீக்கும் முறையைக் குறையற்றது என்று பலர் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையையும் சோதித்துக் காட்டுவது நல்லது. இயந்திரக்காரர் ஒன்பது பேர் மட்டும் தம் இரண்டாம், மூன்றாம் அட்டைகளை இடம் மாற்றி, மதகுக்கு மேலே தூரை வைத்திருந்தால், இயந்திரம் நீங்கியதும் தூர் 27, களம் 22, மதகு 11 ஆகும்; மதகு நீங்கி, தூர் வெல்லும். ஆனால் அந்தக் கட்டுகளிலும் மதகு தூரை 33–27 என்று நேருக்கு நேர் வெல்கிறது, களத்தையும் இயந்திரத்தையும் வெல்கிறது. அமெரிக்காவின் பர்லிங்டன் நகர மேயர் தேர்தலில் 2009-இல் இதுவே நடந்தது: மற்ற இருவரையும் நேருக்கு நேர் வெல்லக்கூடிய நிலையில் இருந்த ஆண்டி மான்ட்ரோல், முதல் விருப்பங்களில் மூன்றாம் இடத்தில் இருந்ததால் நீக்கப்பட்டார், பாப் கிஸ் வென்றார். மறு ஆண்டே அந்நகரத்தார் வாக்களித்து அம்முறையை விலக்கினார்கள்.

வரிசை கொடுக்கும் உரிமை இருந்தாலும் மக்கள் அதைப் பயன்படுத்துவார்களா என்பது தனிக் கேள்வி. நம் கோடியக்கரைக்கு அப்பால் இலங்கையில், அதிபர் தேர்தலில் மூன்று விருப்பு வாக்குகள்வரை அளிக்கலாம். 2024 செப்டம்பரில்தான் முதன்முறையாக யாரும் பாதியைத் தாண்டாமல் இரண்டாம் எண்ணிக்கை தேவைப்பட்டது. அனுர குமார திசாநாயக்கவும் சஜித் பிரேமதாசவும் நீங்கலாக மற்றவர்களுக்கு விழுந்திருந்தவை 33 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள். அவற்றிலிருந்து இவ்விருவருக்கும் வந்துசேர்ந்த விருப்புகள் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் குறைவு. பல ஆண்டுகளாக ஒரே ஒருவருக்குக் குறியிட்டுப் பழகிய கை, சீட்டில் இடம் இருந்தாலும் இரண்டாவதை எழுதுவதில்லை. உங்கள் கூட்டத்திலும் முதல் முறை பலர் ஒரே அட்டையை நீட்டுவார்கள். அடுக்கச் சொல்லிப் பொறுமையோடு கற்பிக்க வேண்டும்.

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தேர்வுகள் இருந்து, தனியொருவரின் சொல்லே முடிவு என்று வைக்காதவரை, தந்திரத்துக்கு இடம்கொடாத எண்ணிக்கை முறை எதுவும் இருக்க முடியாது என்பதை ஆலன் கிப்பார்டும் மார்க் சாட்டர்த்வெயிட்டும் 1970-களில் தனித்தனியே நிறுவினார்கள். ஆகவே தந்திரமே இல்லாத முறையைத் தேடி அலைய வேண்டாம். உங்கள் ஊரில் எந்தத் தந்திரம் எளிதில் நடக்கும், அதனால் யாருக்குக் கேடு என்பதைப் பார்த்து முறையைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரு வேலைக்குப் பதிலாக ஒரு குழுவைத் தேர்ந்தெடுப்பதாக இருந்தால்

ஐந்து பேர் கொண்ட நிர்வாகக் குழுவுக்கு, ஆளுக்கு ஐந்து வாக்கு என்று வைக்கும் வழக்கம் பல சங்கங்களில் இருக்கிறது. நியாயமாகத் தோன்றும் இந்த ஏற்பாட்டில், மேலே சொன்ன நான்கு பிரிவினரும் தத்தம் ஆட்கள் ஐவருக்கே போட்டால், 22 பேர் உள்ள தலைமடைப் பிரிவு ஐந்து இடங்களையும் எடுத்துக்கொள்ளும். கடைமடைக்குக் குழுவில் ஒரு குரலும் இருக்காது. பிறகு முறைப்பாசன அட்டவணை எப்படிப் போடப்படும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு மாநிலங்களவைத் தேர்தலின் முறையைப் பின்பற்றுங்கள். வாக்கு ஒன்றுதான், ஆனால் வரிசை உண்டு. மொத்த வாக்கை, இடங்களோடு ஒன்று கூட்டி வகுத்து, ஈவோடு ஒன்று சேர்த்தால் வெற்றிக்கு வேண்டிய அளவு கிடைக்கும். தமிழ்நாட்டில் 234 சட்டமன்ற உறுப்பினர்கள் ஆறு பேரைத் தேர்ந்தெடுக்கும்போது ஒருவருக்கு 34 பேரின் வாக்கு வேண்டும் என்று செய்தித்தாள்கள் எழுதுவது இந்தக் கணக்கால்தான். அறுபது பேர் ஐவரைத் தேர்ந்தெடுத்தால் அளவு 11. தலைமடைக்கு இரண்டு இடம், மற்ற மூன்று பிரிவுகளுக்கும் ஒவ்வோர் இடம் என்று குழு அமையும். அளவுக்கு மேல் மிஞ்சிய வாக்குகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றும் கணக்கு சற்று நீளமானது. ஒரு பள்ளி ஆசிரியரை எண்ணிக்கைக்கு அமர்த்திக்கொண்டால் சிரமமிராது.

முடிவெடுக்கும் நாளில்

ஒரே வேலையைத் தேர்ந்தெடுக்க, நூறு பேருக்குக் குறைந்த கூட்டத்தில், நான் பரிந்துரைப்பது அட்டைகளை அடுக்கி, இரண்டிரண்டாக மோதவிடும் முறையை. நான்கு யோசனைகளுக்கு ஆறு மோதல்கள்தாம். ஆறு கோடு போட்டு எல்லோர் கண்முன்னும் எண்ணலாம். கூட்டம் பெரிதாக இருந்தாலோ, அடுக்கப் பொறுமை இல்லாவிட்டாலோ, புளியங்கொட்டை போதும். எதைத் தேர்ந்தாலும் விதியைக் கட்டுகள் பெட்டியில் விழுவதற்கு முன்பே தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கட்டுகளைப் பார்த்த பிறகு விதியைத் தேர்ந்தெடுக்க ஒருவருக்கு இடம் கொடுத்தால், மேலே கண்டதுபோல், அவர் விரும்பியதை வெல்லவைக்க ஏதாவது ஒரு விதி பெரும்பாலும் அவருக்குக் கிடைத்துவிடும்.

இரண்டு யோசனைகள் சமமாக நின்றால் குலுக்கல் போடுங்கள். நம் தேர்தல் சட்டமும் சமநிலையில் குலுக்கலையே சொல்கிறது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் சொல்லும் குடவோலையை வாக்கெடுப்பு என்று பலர் எழுதினாலும், அது குலுக்கல்தான்: குடும்பு எனப்பட்ட முப்பது ஊர்ப் பிரிவுகளிலும் தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஏதும் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள், ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்தின் ஆறு பேரும் அப்படியே வந்தார்கள். சமமாக நிற்கும் இரண்டு வேலைகளின் பெயர்களையும் ஒரே அளவுத் தாளில் எழுதி, ஒரே மாதிரி மடித்து, சொம்பில் போட்டு, அவை கலங்கும்படி நன்கு குலுக்கி, எந்த வயலுக்கும் வாரிசல்லாத ஒரு சிறு பிள்ளையை அழைத்து எடுக்கச் சொல்லுங்கள். எடுத்த தாளையும் எடுக்காத தாளையும் பிரித்து எல்லோருக்கும் காட்டிவிட்டு, இரண்டையும் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டிவையுங்கள்.